வெலிங்டனில் உருவான கோல் கீப்பர்

இந்திய அணியின் கோல் கீப்பராக இருந்த பீட்டர் தங்கராஜ் நீலகிரிக்காரர் இல்லை. 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்தில் மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் என்ற உள்ளூர் கிளப்புகளில் ஆடிப் பழகியவர். ஆனாலும் அவரை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் தயக்கம் கிடையாது. 1953-இல் ராணுவத்தில் சேர்ந்தவர், மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆடினார். குன்னூர்ப் பக்கம் நாங்கள் எம்.ஆர்.சி. என்று சொல்வது அதைத்தான். 1947 முதல் அது வெலிங்டனில்தான் இருக்கிறது. சென்டர் ஃபார்வர்டாக அந்த அணிக்கு வந்த பையன் அங்கேதான் கோல் கீப்பரானார். ஐந்தே ஆண்டுகளில், 1958-இல், ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்று பெயர் வாங்கினார்.

இதைச் சொன்னால் இங்கேயே பலர் நம்புவதில்லை. வெலிங்டன் என்றால் அவர்களுக்கு அணிவகுப்பும், 'வீர மதராசி, அடி கொல்லு' என்ற முழக்கமும், ஸ்டாஃப் காலேஜும்தான் நினைவுக்கு வரும். கால்பந்து என்றால் கொல்கத்தா, கோவா, மலப்புரம். மலை ரயிலில் குன்னூரைத் தாண்டியதும் வருகிற அந்தச் சின்ன ஸ்டேஷனின் ஊர், டூரண்ட் கோப்பையை இரண்டு முறை வென்ற அணியின் ஊர் என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டது எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கீழே குடியிருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் தாத்தாவிடம்.

டூரண்ட் கோப்பை 1888-இல் சிம்லாவில் தொடங்கியது. ஆசியாவிலேயே பழைய கால்பந்துப் போட்டி. ஐம்பதுகளில் அதை வென்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், ஹைதராபாத் சிட்டி போலீஸ் என்று மாற்றி மாற்றி வரும். அந்த மூன்று பேருக்கும் நடுவில் 1955-லும் 1958-லும் எம்.ஆர்.சி. நிற்கிறது. கொல்கத்தாவின் பெரிய கிளப்புகள் நாடு முழுக்க ஆள் தேடி அணி சேர்த்தவை. ஹைதராபாத் போலீஸுக்குப் பயிற்சியாளர் ரஹீம் சாஹிப். இவர்களோடு ஒரு ரெஜிமெண்டின் பயிற்சி மையத்து அணி மோதி, ஒரே பத்தாண்டில் இரண்டு முறை கோப்பையைத் தூக்கியிருக்கிறது. எப்படி முடிந்தது என்று யோசித்தால் எனக்குத் தோன்றும் பதில் ஒன்றுதான். அந்த ஆட்டக்காரர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. காலையில் எழுந்தால் ஆடுவதற்குச் சமதரையாக ஒரு மைதானம் இருந்தது. அடிபட்டால் பார்க்க ராணுவ ஆஸ்பத்திரி இருந்தது.

சமதரை என்று சொன்னேன். மலையில் வளராதவர்களுக்கு இதன் அருமை புரிவது கஷ்டம். நீலகிரியில் தட்டையாக ஒரு ஏக்கர் கிடைத்தால் அதன்மேல் நாலு பேர் கண் வைத்திருப்பார்கள். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், காட்டேஜ், கார் பார்க்கிங் எல்லாம் ஆனபிறகு மிஞ்சுவதுதான் பிள்ளைகளுக்கு. ஊட்டியில் எச்.ஏ.டி.பி. மைதானம் இருக்கிறது, பிரீக்ஸ் பள்ளி மைதானம் இருக்கிறது, சரி. எஸ்டேட் பிள்ளைகளுக்கு? லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் மண்ணை வெட்டி ஒப்பேற்றிய ஒரு திட்டு. ஒரு பக்கம் மண் சரிவு, இன்னொரு பக்கம் தேயிலைக்காடு. பந்து கீழே உருண்டுவிட்டால் எடுத்து வர ஒரு பொடியனை முன்கூட்டியே சரிவில் நிறுத்தி வைப்போம். அப்படிப்பட்ட திட்டில் ஆடுபவன் ஓங்கி உதைக்கப் பயப்படுவான். குட்டிக் குட்டிப் பாஸில் கெட்டிக்காரனாகிவிடுவான். நீளமான பாஸ், கிராஸ், தலையால் முட்டுவது எதுவும் வராது. பதினோரு பேர் ஆட்டத்துக்கு டிரையல்ஸ் போனால் அங்கேதான் மாட்டிக்கொள்வான். மலைப் பையன்களை முதல் சுற்றிலேயே ஒதுக்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திறமை போதவில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். அவர்களுக்குப் போதாமல் போனது தரை.

நான் பள்ளி அணியில் கோலியாக நின்றவன். அதனால் தங்கராஜ் எம்.ஆர்.சி.யில் கோல் கீப்பரானார் என்று படிக்கும்போது எனக்குக் கண்ணில் தெரிவது கோப்பை இல்லை, ஜூலை மாதத்து மைதானம். தென்மேற்குப் பருவம் ஏறிவிட்டால் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. உதைக்கிற சத்தம் மட்டும் 'தொம்' என்று கேட்கும். ஒரு மூச்சு கழித்துப் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பந்து வரும். எந்த உயரத்தில் வருகிறது, எந்தப் பக்கம் வளைகிறது என்று கணிக்க உங்களுக்குக் கிடைப்பது கடைசிப் பதினைந்து கெஜம்தான். கார்னர் கிக் என்றால் இன்னும் கொடுமை. கோட்டிலேயே நின்றால் எதிராளி தலையால் முட்டிப் போடுவான். முன்னால் பாய்ந்து வந்தால் சேற்றில் கால் வழுக்கும்.

அதோடு அந்தக் காலத்துப் பந்து. இன்றைய பந்து மழையில் நனைந்தாலும் எடை பெரிதாக ஏறாது. அன்றைய தோல் பந்துக்கு வாய்ப்பூட்டு மாதிரி நாடா போட்டு இறுக்கியிருப்பார்கள். தோல் தண்ணீர் குடிக்கக் குடிக்கக் கனக்கும். நாடா இருக்கிற பக்கம் நெற்றியில் பட்டால் தோல் பிய்ந்துவிடும். ஹவில்தார் தாத்தா பழைய பந்து ஒன்றுக்கு மெழுகு தேய்த்து வீட்டில் வைத்திருந்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டு, ஈரப் பந்தை விரலால் பிடிக்கப் போகாதே என்றார். உள்ளங்கை இரண்டையும் பந்துக்குப் பின்னால் வை, கட்டைவிரல் இரண்டும் ஒன்றை ஒன்று தொடட்டும், பிடித்ததும் நெஞ்சோடு அணைத்துக் குனிந்துவிடு. கை நழுவினாலும் நெஞ்சில் தங்கும், நெஞ்சில் தங்காவிட்டாலும் உடம்புக்கு அடியில் விழும். ஒரு பந்துக்கு மூன்று காவல். இன்றைக்கு நான் எந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

தங்கராஜ் ஆறடிக்கு மேல் உயரம். ஃபார்வர்டாக ஆடிய அனுபவமும் இருந்தது. எதிரே ஓடிவருபவன் அடுத்து என்ன செய்யப் பார்க்கிறான் என்பது அப்படிப்பட்டவருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். இந்த இரண்டோடும் ஈரப் பந்தும் பனிமூட்டமும் சேர்ந்த ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் ஆட்டவாழ்க்கையே பதில்.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. குளிரிலும் ஈரத்திலும் நம் ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்கப்புறம்தான் பூட்ஸ் கட்டாயமானது. மறு ஆண்டே தங்கராஜ் ராணுவத்துக்கு வருகிறார். அதாவது இந்தியக் கால்பந்து பூட்ஸ் போடப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தினமும் பூட்ஸ் மாட்டுவதையே தொழிலாகக் கொண்ட இடத்தில் இருந்தார். இது நானாக முடிச்சுப் போட்டுப் பார்க்கும் விஷயம்தான், ஆனால் ராணுவ அணிகள் அந்தப் பத்தாண்டில் நன்றாக ஆடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் அவர் இருந்தார். அந்த அணி நான்காம் இடம் பிடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதற்கு மேல் போனதே இல்லை. 1960-இல் ரோம். ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்று, பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்து, பெருவிடம் தோற்று வெளியேறினோம். அதன்பிறகு ஆண்கள் கால்பந்தில் இந்தியா ஒலிம்பிக்கையே எட்டவில்லை. அதே ஆண்டு தங்கராஜ் தலைமையில் முப்படைகளின் சர்வீசஸ் அணி, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை வென்றது.

அப்புறம் 1962, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பிறகு தாய்லாந்து, ஜப்பான், தென்வியட்நாம் என்று ஒவ்வொருவராக வென்று இறுதிக்கு வந்தால் எதிரே மறுபடியும் அதே தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததைப் பற்றி இந்திய அதிகாரி ஒருவர் பேசிய பேச்சால் ஊரே நம்மவர்கள்மேல் கொதித்துக்கொண்டிருந்தது. செப்டம்பர் 4 அன்று நிரம்பி வழிந்த அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. பி.கே. பானர்ஜி ஒன்று போட்டார். தலையில் தையலோடு வந்து முன்வரிசையில் ஆடிய ஜர்னைல் சிங் இன்னொன்று போட்டார். கோல் போஸ்ட்டில் நின்றவர் தங்கராஜ். கொரியர்களால் ஒரு கோல்தான் போட முடிந்தது. 2-1, தங்கம். இந்திய அணிக்கும் பயிற்சியாளராக இருந்த அதே ரஹீம் சாஹிப் அப்போது புற்றுநோயோடு இருந்தார், அடுத்த ஆண்டு காலமாகிவிட்டார். அந்தத் தங்கத்துக்கு அப்புறம் ஆசிய விளையாட்டில் நமக்குக் கால்பந்துத் தங்கம் வரவில்லை.

கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு, பிறகு போகாரோ எஃகு ஆலை ஊரில் பயிற்சியாளராக இருந்தார். 2008 நவம்பர் 24 அன்று அங்கேயே காலமானார்.

ராணுவம், கொல்கத்தா கிளப், அரசு எஃகு ஆலை. ஒரு மனிதரின் ஆட்டவாழ்க்கை முழுவதையும் தாங்கிய மூன்று தூண்கள் இவை. இதில் முதல் தூண் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வந்திருக்காது.

இங்கே கொஞ்சம் உயரத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். மெக்சிகோ சிட்டியும் 2,240 மீட்டர்தான். 1970 உலகக் கோப்பையில் பெலே இறுதிப்போட்டி ஆடியதும், 1986-இல் மரடோனா இங்கிலாந்துக்காரர்களை வரிசையாகக் கடந்து போய் கோல் போட்டதும் ஏறத்தாழ நம் ஊட்டியின் காற்றில்தான். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. காற்று லேசாக இருப்பதால் பந்து வேகமாகவும் நேராகவும் போகும், வளைவது குறையும். கடற்கரை ஊர் கோலி தாவுகிற நேரத்துக்குள் பந்து வலையில் இருக்கும். பொலிவியாவின் லா பாஸ் 3,600 மீட்டர். 2009-இல் மரடோனா பயிற்சியளித்த அர்ஜென்டினாவே அங்கே 6-1 என்று தோற்றது. 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டமே கூடாது என்று ஃபிஃபா 2007-இல் தடை போட்டு, எதிர்ப்பு வந்ததும் மறு ஆண்டே அதை நிறுத்தி வைத்தது.

வெலிங்டன் ஊட்டியைவிடத் தாழ்வு, குன்னூரைப் போல 1,850 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே மாதக்கணக்கில் ஓடுபவன் உடம்பில் சிவப்பணுக்கள் கூடும், மூச்சு நீளும். மலைப் பையன் இரண்டாம் பாதியிலும் சளைக்காமல் ஓடுவது இதனால்தான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிரையல்ஸ் எப்போதும் ஏப்ரல், மே மாதத்தில், கோவையிலோ திருச்சியிலோ சென்னையிலோ வைப்பார்கள். மூச்சு தாங்கும், வெயில் தாங்காது. காலை ஆறு மணி பஸ்ஸில் ஸ்வெட்டரோடு இறங்கியவன் பதினோரு மணிக்கு அந்த அனலில் இருபது நிமிடம் ஓடினால் கண் இருட்டும். இரண்டு நாள் முன்னாலேயே கீழே போய்த் தங்கினால் ஓரளவு சமாளிக்கலாம். தங்க இடமும் சாப்பாட்டுக்குக் காசும் வேண்டும். எஸ்டேட்டில் பச்சைத் தேயிலை பறிக்கிற வீட்டில் அதற்கு எங்கே போவது?

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பையன்களுக்கு வேறு வழி ஒன்று உண்டு. நாடுகாணிச் சுரம் இறங்கினால் நிலம்பூர், வண்டூர், மஞ்சேரி. அறுவடை முடிந்த வயலில் தற்காலிக கேலரி கட்டி, விளக்கு போட்டு, ராத்திரி ராத்திரி செவன்ஸ் நடக்கும். அணிக்கு ஏழு பேர், ஆஃப்சைடு கிடையாது. நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் வந்தவர்கள் முன்வரிசையில் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் கையில் கவர். என் சித்தி மகன் சில சீசன் அப்படிப் போய்வந்தவன். முழங்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டே ஜீப்பில் ஏறுவான், விடியற்காலையில் சுரம் ஏறி வந்து பேண்டேஜை அவிழ்க்கும்போது முழங்கால் வீங்கிப் பளபளவென்று இருக்கும். அம்மாவிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு ஐஸ் கேட்பான். செவன்ஸைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டத்தின் வெறியும் ஆட்டத்தின் வேகமும் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் முழங்கால் போன அன்றைக்குக் கவரும் நின்றுவிடும். அவனுக்கு அப்படித்தான் நின்றது. இப்போது பிக்கப் வண்டி ஓட்டுகிறான்.

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் நான் இருந்தேன். சென்னை சிட்டி எஃப்.சி. மினர்வா பஞ்சாபை வென்றால் தேசிய அளவிலான ஐ-லீக் பட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. கேலரியில் எங்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மன்சி பெனால்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றதால் ஒரே ஒரு புள்ளியில் பட்டம் நம் பக்கம். எட்வின் வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று தமிழ்நாட்டுப் பையன்கள் அந்த அணியில் இருந்தார்கள். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஊட்டியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்த பிள்ளைகள் கேலரியில் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். மேட்டுப்பாளையம் திரும்புகிற வழி முழுக்க எனக்கு ஒரே நினைப்பு, இனி நம் பையன்கள் கோவையிலேயே ஆடி முன்னேறலாம் என்று.

இரண்டு ஆண்டுக்கு மேல் அது நிலைக்கவில்லை. 2020-21 சீசனோடு அந்த அணி லீக்கை விட்டுப் போய்விட்டது. பட்டம் வென்ற அணியே இல்லாமல் போகிற நாட்டில், பதினாலு வயதுப் பையனின் அப்பாவிடம் 'ஃபுட்பாலை நம்பி அனுப்புங்கள்' என்று எந்த முகத்தோடு சொல்வது? இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்தபிறகு நல்ல ஒப்பந்தம் கிடைத்த சிலர் நன்றாகவே சம்பாதித்தார்கள், மறுக்கவில்லை. நந்தகுமார் சேகரும் மைக்கேல் சூசைராஜும் தமிழ்நாட்டிலிருந்து போய் அந்த இடத்தைப் பிடித்தவர்கள். ஆனால் ஒருவர் மேலே போகும்போது பின்னால் நின்றுபோகிறவர்களுக்கு என்ன இருக்கிறது என்பதுதான் என் கவலை. முன்பு அவர்களுக்கு ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், இன்கம் டேக்ஸ் என்று டிபார்ட்மெண்ட் டீம்கள் இருந்தன. தேசிய அணியை எட்டாதவனுக்கும் ஒரு நாற்காலியும் பென்ஷனும் கிடைத்தன. அந்தத் தைரியத்தில்தான் நூறு வீடுகள் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பின. நூறு பேர் வந்ததால்தான் அதில் ஒரு தங்கராஜைப் பொறுக்கி எடுக்க முடிந்தது. இன்றைக்கும் டிபார்ட்மெண்ட் டீம்கள் இருக்கின்றன, ஆனால் ஆள் எடுப்பது அன்றுபோல் இல்லை. அகாடமிக்குக் கட்ட லட்சக்கணக்கில் பணம் உள்ளவர் வீட்டுப் பிள்ளைகளை மட்டும் வைத்து ஒரு நாட்டின் கால்பந்தை நடத்த முடியாது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பையன். பத்தாவது. கோலியாக நிற்கிறான், அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை. கை நீளம், பயம் கிடையாது, கோட்டை விட்டு வெளியே வருவதில் மட்டும் இன்னும் தயக்கம். மழை நாளில் தகரக் கூரை சத்தத்துக்கு நடுவே கார்னர் பந்தை எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் அரசு விளையாட்டு விடுதிக்கான செலக்‌ஷனுக்கு அவனைக் கூட்டிப் போவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் அப்பா கேட்டார்.

"அண்ணே, எல்லாம் சரி. கடைசியில ஒரு வேலை கிடைக்குமா?"

தெரிந்ததைச் சொன்னேன். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, போலீஸ், ராணுவம் மூன்றும் இன்னும் ஆள் எடுக்கின்றன. எதற்குப் போனாலும் ஆடியதற்கான சான்றிதழ் வேண்டும், அதை லேமினேட் செய்து பீரோவில் வைக்க வேண்டும். பிளஸ் டூவை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. அப்புறம் செலக்‌ஷனுக்கு இரண்டு நாள் முன்னாலேயே கீழே போய்விட வேண்டும், திருப்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, டிக்கெட் போட என்றைக்குப் பணம் தர வேண்டும் என்று கேட்டார்.